அவலமும் கருணையும்: போர்ச் செய்திக்கு ஆட்படுதலை அளத்தலும் புலம்பெயர் தமிழரின் தேடற் பார்வையும்

ஆய்வுச் சுருக்கம்

போர்க் காட்சிகளை ஊடகங்களில் காண்போரின் உளநிலையை அளக்கும் ஆய்வுகள் 2001ஆம் ஆண்டுக்குப் பின்னர் பெருகியுள்ளன. ஒருவர் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் செய்தி பார்த்தார் என்பதே அவற்றின் அடிப்படை அளவு. 2009இல் வன்னிப் போரின் இறுதி மாதங்களைத் தொலைவிலிருந்து பார்த்த புலம்பெயர் தமிழரின் அனுபவத்துக்கு இவ்வளவு பொருந்துமா என்று இக்கட்டுரை ஆராய்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் உரை மரபு அழுகையைத் தன் துன்பத்தால் வருவது, பிறர் துன்பம் கண்டு வருவது என இரண்டாகப் பகுப்பதை இதற்குக் கருவியாகக் கொள்கிறது. உறவினரின் பார்வை அடிப்படையில் ஒரு தேடல் என்பதும், தேடலை மணிக்கணக்கால் அளக்க இயலாது என்பதும் இதன் முடிபுகள்.

முன்னுரை

போரைக் கண்ணால் காணாதவர் போரால் புண்படுவரா என்னும் வினா உளவியலாருக்குப் புதியது. தமிழ் இலக்கியத்துக்குப் பழையது. புறநானூற்றின் 278ஆம் பாடலில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டும் முதியவள் போர்க்களத்தில் இருந்தவள் அல்லள். மகன் புறமுதுகிட்டான் என்று பலர் சொல்லக் கேட்கிறாள். கேட்ட செய்தி அவளை வஞ்சினம் கூறவைக்கிறது. வாளேந்திக் களத்துக்குச் செல்லவைக்கிறது. கிடந்த உடல்களைப் புரட்டிப் பார்க்கவைக்கிறது. மகன் முகம்கொடுத்துப் பொருது வீழ்ந்தமையைக் கண்டபின், அவனைப் பெற்ற நாளினும் பெரிதும் மகிழ்கிறாள். உவகைக் கலுழ்ச்சி என்று துறை வகுக்கப்பட்ட இப்பாடலை மறப்பெண்டிர் மாண்புக்குச் சான்றாகக் காட்டுவதே வழக்கம். வேறொரு கோணத்தில் நோக்கினால், போர்ச் செய்திக்கு ஆட்பட்ட ஒருத்தியின் முழு வரலாறு இதில் இருக்கிறது: கேட்டல், கலங்கல், தேடல், காணல். செய்தியால் விளைந்த கலக்கம் காணலில் முடிகிறது.

2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் மொன்றியல், ரொறொன்ரோ, இலண்டன், பாரிஸ் நகரங்களில் வாழ்ந்த ஈழத்தமிழர் பலருக்கு முதல் மூன்று நிலைகளும் வாய்த்தன, நான்காவது வாய்க்கவில்லை. அவர்களுடைய துயரை அளக்க முற்படும் எந்தக் கருவியும் இந்த நான்காம் நிலையைப் பற்றி என்ன கேட்கிறது என்பதைக் கொண்டே மதிப்பிடப்படல் வேண்டும்.

1. மணிக்கணக்கு: ஓர் அளவுகோலின் வரலாறு

ஊடகத்தின் வழியாகப் பேரழிவைக் கண்டோரின் உளநிலையை அளக்கும் முயற்சிக்கு 2001 செப்டெம்பர் 11 தாக்குதல்கள் பெருந்தூண்டுதலாயின. அதே ஆண்டு நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசின் இதழில் ஷஸ்டரும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு அமெரிக்கா முழுவதிலுமிருந்து 560 வளர்ந்தோரைத் தொலைபேசியில் வினவியது. தாக்குதல் நாளன்று அவர்கள் சராசரியாக 8.1 மணி நேரம் தொலைக்காட்சிச் செய்தி பார்த்திருந்தனர். 44 விழுக்காட்டினர் குறிப்பிடத்தக்க நெருக்கீட்டு அறிகுறி ஒன்றேனும் தமக்கு இருந்ததாகக் கூறினர். நியூயோர்க்கிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் தொலைவில் இருந்தோரும் அவர்களுள் அடங்குவர்.

இத்துறையில் மிகுதியாக மேற்கோள் காட்டப்படுவது ஹோல்மன், கார்ஃபின், சில்வர் ஆகியோர் 2013ஆம் ஆண்டின் பொஸ்டன் மரதன் குண்டுவெடிப்பை அடுத்து நடத்திய ஆய்வு. பொஸ்டன், நியூயோர்க், நாட்டின் ஏனைய பகுதிகள் ஆகியவற்றிலிருந்து 4,675 பேரிடம் விவரம் பெறப்பட்டது. தொலைக்காட்சி, வானொலி, அச்சு, இணையம், சமூக ஊடகம் அனைத்திலும் ஒரு நாளில் செலவான மணி நேரங்கள் கூட்டப்பட்டன. குண்டுவெடிப்பை அடுத்த வாரத்தில் நாளொன்றுக்கு ஆறு மணி நேரமும் அதற்கு மேலும் செய்தியில் தோய்ந்திருந்தோர், நிகழ்விடத்துடன் நேரடித் தொடர்புடையோரைக் காட்டிலும் கூடுதலான கடும் நெருக்கீட்டைத் தெரிவித்தனர். திரை களத்தை விஞ்சியது என்னும் இம்முடிபு உலகெங்கும் பேசப்பட்டது.

இவ்வாய்வுகளின் பயன் மறுக்கற்பாலதன்று. தொலைவு ஒரு காப்பரண் என்ற பழைய எண்ணத்தை இவை தகர்த்தன. இக்குழுவினரே 2019இல் சயன்ஸ் அட்வான்சஸ் இதழில், கலக்கம் மிக்கோர் அடுத்த பேரழிவின் செய்தியை மேலும் நாடுகின்றனர், அது மேலும் கலக்கத்தைத் தருகிறது என்னும் சுழற்சியைக் காட்டினர். பார்ப்பதால் கலக்கமா, கலக்கத்தால் பார்ப்பதா என்று வினவியோருக்கு இரண்டும் உண்டு என்பது விடையாயிற்று.

ஆயினும் இவற்றின் அடித்தளத்தில் ஓர் உவமை மறைந்திருக்கிறது. செய்தி ஒரு நச்சுப்பொருள். மணி நேரம் அதன் அளவு. அளவு கூடக் கூட விளைவும் கூடும். மருந்தியலிலிருந்து வந்த இவ்வுவமையில் பார்ப்பவர் நச்சுக்காற்றைச் சுவாசிப்பவரைப் போன்றவர். அவர் எதற்காகப் பார்க்கிறார் என்பது அளவுக்கு வெளியே நிற்கிறது. பாதிக்கப்பட்டவருள் வேண்டியவர் உளரா என்னும் வினா கேட்கப்படும் இடத்திலும், அதற்கான விடை பெரும்பாலும் ‘நேரடித் தொடர்பு’ என்னும் ஒரு பெட்டியில் இடப்படுகிறது. ஊடகம் இன்னொரு பெட்டியில் இடப்படுகிறது. பின்னர் இரண்டும் ஒப்பிடப்படுகின்றன. ஒரே செயல் இரு பெட்டிகளிலும் ஒருசேர விழக்கூடும் என்பதற்கு இவ்வமைப்பில் இடமில்லை.

2. உரை மரபு தரும் பகுப்பு

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அழுகையை வைத்து, அதற்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. உரையாசிரியர்கள் இங்கு ஒரு நுட்பத்தைச் சேர்த்தனர். அழுகை இருவகைப்படும்: தானே அவலித்தல் ஒன்று, பிறர் அவலம் கண்டு அவலித்தல் மற்றொன்று. முன்னது அவலம் எனவும் பின்னது கருணை எனவும் பெயர் பெறும். மெய்யில் தோன்றும் குறி இரண்டுக்கும் ஒன்றே: கண்ணீர், தளர்ச்சி, உறக்கமின்மை. தோன்றுமிடமே வேறு.

இருபத்திரண்டு வினாக்களைக் கொண்ட திருத்திய நிகழ்வுத் தாக்க அளவுகோல் போன்ற கருவிகள் மெய்யில் தோன்றும் குறியை நன்கு அளக்கின்றன. அக்குறி அவலத்தின்பாற்பட்டதா கருணையின்பாற்பட்டதா என்பதை அவை கேட்பதில்லை. மேற்குறித்த அமெரிக்க ஆய்வுகளில் இதனால் பெருங்கேடில்லை. அங்கே பார்த்தோருள் மிகப் பெரும்பான்மையோர் கருணையாற் கலங்கியவர். தமிழரிடம் இக்கருவியை அப்படியே கொண்டுசெல்லும்போது, தம் தங்கையைத் தேடிய ஒருவரும், தொலைநாட்டுத் துயர்கண்டு இரங்கிய அவருடைய அலுவலகத் தோழரும், இருவரும் நான்கு மணி நேரம் பார்த்திருந்தால், ஒரே எண்ணைப் பெறுவர்.

இப்பகுப்பை மருத்துவ நூல்களும் வேறு சொற்களில் அறிந்தே உள்ளன; ஆனால் பிழையான இடத்தில் கோடு கிழிக்கின்றன. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோயறி கையேட்டு ஐந்தாம் பதிப்பு (2013), நெருக்கீட்டுக்குப் பிந்திய சீர்குலைவுக்கான முதல் நிபந்தனையில் இரு விதிகளை வைக்கிறது. நெருங்கிய உறவினரோ நண்பரோ வன்முறையாலோ விபத்தாலோ இறந்ததை அல்லது இறப்பின் வாயிலில் நின்றதை அறியவருதல் ஏற்கப்படுகிறது. கொடிய விவரங்களுக்கு மீண்டும் மீண்டும் ஆட்படுதலைக் கூறும் பிரிவில், தொலைக்காட்சி, திரைப்படம், படங்கள், மின்னணு ஊடகம் வழியான ஆட்படுதல் தொழில் சார்ந்ததாக இருந்தாலன்றி ஏற்கப்படுவதில்லை. எனவே தமையன் இறந்தான் என்று அறிந்தவருக்கு இடமுண்டு. செய்திப் படப் பிரிவில் பணியாற்றுபவருக்கும் இடமுண்டு. தமையன் என்ன ஆனான் என்று அறியாமல் ஒரே படத்தை நூறு முறை பார்த்தவர் இவ்விரு விதிகளுக்கும் இடையில் விழுகிறார். அவர் எதையும் ‘அறியவரவில்லை’. அவர் பார்த்தது ‘வெறும் திரை’.

3. தேடற் பார்வை

2009 சனவரி 21 அன்று இலங்கை அரசு முதலாவது பாதுகாப்பு வலயத்தை அறிவித்தது. பெப்ரவரி 12இல் இரண்டாவதும் மே 8இல் மூன்றாவதும் அறிவிக்கப்பட்டன. ஒவ்வோர் அறிவிப்பிலும் நிலம் சுருங்கியது. புலம்பெயர் வீடுகளில் அந்நாள்களில் வன்னியின் வரைபடம் மனப்பாடமாயிற்று: சுதந்திரபுரம், புதுக்குடியிருப்பு, மாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால். பெயர்களின் வரிசையே இடப்பெயர்வின் வரிசையாக இருந்தது.

அந்நாள்களின் செய்திப் பார்வையை விவரிக்கத் தமிழில் ‘பார்த்தல்’ என்னும் வினை போதாது. ஈழத்துப் பேச்சு வழக்கில் அதற்குரிய வினைகள் ‘தேடுதல்’, ‘விசாரித்தல்’ என்பன. மருத்துவமனை முற்றத்தில் கிடத்தப்பட்டோரின் படத்தில், முகம் தெரியாதவிடத்துச் சேலையின் நிறம் தேடப்பட்டது. காலில் இருந்த பழைய தழும்பு தேடப்பட்டது. படம் நிறுத்தப்பட்டது, பெரிதாக்கப்பட்டது, அதே ஊரவர் ஒருவருக்கு அனுப்பப்பட்டது, தொலைபேசியில் உறுதிப்படுத்தக் கேட்கப்பட்டது. புறநானூற்று முதியவள் வாளால் பிணம் பெயர்த்ததும் இதுவும் ஒரே தொழில். வேறுபாடு ஒன்றுண்டு: அவள் களத்தில் எல்லா உடலையும் புரட்டலாம், இவர்கள் எவரோ எடுத்த படத்தின் எல்லைக்குள் மட்டுமே தேடலாம். படத்துக்கு வெளியே கிடந்தவரைப் பற்றிய ஐயம் அடுத்த படத்தைத் தேடவைத்தது.

இத்தகைய பார்வையில் மணி நேரத்துக்கும் கலக்கத்துக்கும் உள்ள தொடர்பு நேர்கோடாக இருக்கத் தேவையில்லை. ஐந்தாம் நிமிடத்தில் தேடிய முகத்தை உயிருடன் கண்டவர் அணைத்துவிட்டு உறங்கியிருக்கலாம். ஐந்து மணி நேரம் காணாதவர் அடுத்த நாளும் தொடர்ந்திருப்பார். அளவுகோல் முன்னவரைக் குறைவாக ஆட்பட்டவர் என்றும் பின்னவரை மிகுதியாக ஆட்பட்டவர் என்றும் பதியும். மிகுதியான பார்வையே துயரின் காரணம் என்று முடிபும் கூறும். உண்மையில் இருவரையும் பிரித்தது காணலும் காணாமையும். பவுலின் பொஸ் 1999இல் வெளியிட்ட நூலில் வளர்த்தெடுத்த ‘தெளிவற்ற இழப்பு’ என்னும் கருத்தாக்கம் இங்கே மணிக்கணக்கைவிட விளக்கும் ஆற்றல் உடையது: இறந்தார் என்று அழவும் இயலாது, உள்ளார் என்று ஆறவும் இயலாது.

வேளையும் கருதத்தக்கது. மே மாதத்தில் முள்ளிவாய்க்காலுக்கும் மொன்றியலுக்கும் இடையே ஒன்பதரை மணி நேர வேறுபாடு. அங்கே காலை ஆறு மணி என்றால் இங்கே முந்தின நாள் இரவு எட்டரை. களத்தின் பகல் முழுவதும் இங்கே இரவாக அமைந்தது. காலையில் தொழிற்சாலைக்கோ உணவகச் சமையலறைக்கோ செல்லவேண்டியவர் இரவெல்லாம் விழித்திருந்தார். உறக்கமின்மை இங்கு அறிகுறியா, தேடலின் நிபந்தனையா என்பதை ‘உறங்க இயலவில்லையா’ என்னும் வினா வேறுபடுத்தாது.

காலவரையறை மற்றொரு சிக்கல். பொஸ்டன் ஆய்வு நிகழ்வை அடுத்த வாரத்தின் பார்வையைக் கேட்டது. ஒரு நாளில் நிகழ்ந்து முடிந்த தாக்குதலுக்கு அது தகும். தமிழரைப் பொறுத்தவரை போர் முடிந்தபின்னரே படங்கள் வரத்தொடங்கின. 2009 ஓகஸ்ட் 25இல் பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி, கண்கட்டிச் சுடப்படுவோரின் காணொளியை ஒளிபரப்பியது. 2011 சூன் 14இல் ‘இலங்கையின் கொலைக்களங்கள்’ ஆவணப்படம் வந்தது. 2013 பெப்ரவரியில் விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரனின் பன்னிரண்டு வயது மகன் உயிருடன் அமர்ந்திருக்கும் படமும், சுடப்பட்டுக் கிடக்கும் படமும் அடுத்தடுத்து வெளியாயின. தமிழ்நாட்டு மாணவர் தெருவில் இறங்கினர். ஒவ்வொரு வெளியீடும் தேடலை மீண்டும் தொடக்கியது. இப்போரின் ‘அடுத்த வாரம்’ நான்கு ஆண்டுகள் நீண்டது.

4. செய்தியின்மையும் ஐயமும்

2008 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் நிறுவனங்களும் பெரும்பாலான பன்னாட்டுத் தொண்டு நிறுவனங்களும் வன்னியை விட்டு வெளியேறின. சுயாதீன ஊடகவியலாளர் களத்துக்குச் செல்ல அனுமதிக்கப்படவில்லை. கனடாவின் பெருந்தொலைக்காட்சிகளில் அப்போர் சில நிமிடங்களே இடம்பெற்றது. 2009 மே 10 அன்று ரொறொன்ரோவின் கார்டினர் நெடுஞ்சாலையில் தமிழர் அமர்ந்து மறித்தபோதுதான் அது தலைப்புச் செய்தியாயிற்று. அப்போதும் பேச்சில் முன்னின்றது போக்குவரத்து இடையூறு. பார்த்தல் செயலாக மாறியதன் சான்று அந்த மறியல். தொலைத்துயரைக் காண்பவனுக்கு அறம் விட்டுவைப்பது பேசுவதும் கொடுப்பதுமே என்று லுக் பொல்டான்ஸ்கி எழுதினார். தமிழர் இரண்டையும் செய்தும் பார்வையிலிருந்து விடுபடவில்லை. பார்த்தபின் என்ன செய்தீர் என்று கேளாத அளவுகோல் இதனை அறியாது.

செய்தி வராத நாள்களே கொடிய நாள்கள் என்பது அக்காலத்தை அறிந்தோர் பரவலாகச் சொல்வது. தொலைபேசி ஒலிக்காத வாரம், மருத்துவமனையிலிருந்து வழக்கமாகப் பேசும் குரல் கேட்காத நாள் ஆகியவற்றில் பார்க்க எதுவும் இல்லை. மணிக்கணக்கு அந்நாள்களுக்குச் சுழியத்தை இடும். வேண்டுமென்றே தொலைக்காட்சியை அணைத்துவைத்தவருக்கும் சுழியமே கிடைக்கும். தாங்க இயலாமையால் விலகியவரும் அக்கறையின்றி விலகியவரும் அளவுகோலில் ஒருவராகின்றனர்.

வந்த செய்தியும் ஐயத்துக்கு உரியதாக இருந்தது. களத்தில் இருந்த அரச மருத்துவர்கள் தொலைபேசி வழியே காயமுற்றோர் எண்ணிக்கையைக் கூறிவந்தனர். போர் முடிந்ததும் அவர்கள் தடுத்துவைக்கப்பட்டனர். 2009 சூலையில் கொழும்பில் நடந்த செய்தியாளர் சந்திப்பில் தாம் முன்னர் கூறியவற்றை மறுத்தனர். காவலில் இருந்தோரின் மறுப்பை எவ்வளவு நம்புவது? மறுபுறம், புலம்பெயர் ஊடகங்களும் முழுமையைக் காட்டவில்லை. ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் வல்லுநர் குழு 2011இல் அளித்த அறிக்கை, 40,000 வரையான குடிமக்கள் இறந்திருக்கக்கூடும் என்பதை மறுக்கவியலாது என்றதுடன், அரச படைகளின் எறிகணை வீச்சை முதன்மையான காரணமாகக் காட்டியது. விடுதலைப் புலிகள் மக்களை வெளியேறவிடாது தடுத்ததையும் தப்பியோடியோரைச் சுட்டதையும் நம்பத்தகு குற்றச்சாட்டுகளாகப் பதிந்தது. இப்பிற்பகுதியைப் புலம்பெயர் தமிழர் பலர் தம் திரையில் காணவில்லை. உயிர்தப்பி வந்த உறவினர் வாயால் கேட்டனர். தாம் இரவெல்லாம் விழித்துப் பார்த்தது முழுமையன்று என்று பின்னர் அறிவதும் ஒரு தாக்கம். அதனை அளக்கும் வினா எந்த அளவுகோலிலும் இல்லை.

2009 மே 19இல் இலங்கைத் தொலைக்காட்சி காட்டிய பிரபாகரனின் உடலம் இதற்கு உச்ச எடுத்துக்காட்டு. ஒரே படம் சிலரால் உறுதிசெய்யவும் சிலரால் பொய்ப்பிக்கவும் மீண்டும் மீண்டும் பார்க்கப்பட்டது. கொடூரப் படத்தை அடிக்கடி பார்த்தல் தீங்கு என்பது பொது விதி. அப்படத்தைப் பொய் என்று நிறுவுவதற்காகப் பார்த்தவருக்கு ஒவ்வொரு பார்வையும் தற்காலிக மருந்தாக இருந்திருக்கவும் கூடும்.

5. பார்த்தவனும் இழந்தவளும்: ஒரு நாவலின் சான்று

அவலத்துக்கும் கருணைக்கும் இடையிலான கோடு எப்போதும் தெளிவாக இருப்பதில்லை என்பதை அனுக் அருட்பிரகாசத்தின் ‘எ பசேஜ் நோர்த்’ (2021) காட்டுகிறது. புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்ற இந்த ஆங்கில நாவலின் நாயகன் கிருஷான் கொழும்புத் தமிழன். போரின் முடிவைத் தில்லியில் இருந்தவாறு இணையத்தில் அறிகிறான். படங்களையும் காணொளிகளையும் மாதக்கணக்கில் தேடிப் பார்க்கிறான். வன்னியில் அவனுக்கு உடன்பிறந்தார் எவரும் இல்லை. அவனுடைய தந்தை இறந்தது கொழும்பு நடுவண் வங்கிக் குண்டுவெடிப்பில், அதாவது மறுதரப்பின் கையால்.

கிருஷானின் பார்வையும் தேடலே. ஆனால் தேடப்படுபவர் இல்லாத தேடல். ஆகவே அதற்குக் காணல் என்னும் முடிவும் இல்லை. இனத்தைச் சுற்றமாகக் கொண்டவனின் அவலமா இது, கருணையின் மிகையா? நாவல் விடை கூறாது, அவன் வீட்டுக்குள் இராணியைக் கொண்டுவருகிறது. பாட்டியைப் பார்த்துக்கொள்ள வரும் இராணி, இரு மகன்களைப் போரில் இழந்தவள். மின்னதிர்ச்சிச் சிகிச்சை பெற்றவள். அவளுக்கு எந்தத் திரையும் தேவைப்படவில்லை. பார்த்தவனும் இழந்தவளும் ஒரு கூரையின்கீழ் இருந்தும், அவன் பார்த்தவை அவளுடைய துயருக்குள் செல்ல வழிதிறக்கவில்லை.

நாவலின் வலிமை இவ்விடைவெளியை மறைக்காததில் உள்ளது. அதன் குறையும் அங்கேயே உள்ளது. இராணி இறுதிவரை கிருஷானின் கண்ணால் மட்டுமே காணப்படுகிறாள். வாசகருக்கும் அவள் ஒரு படமாகவே எஞ்சுகிறாள். பார்த்தோரைப் பற்றி இவ்வளவு நேர்மையாக எழுதிய நாவல் பார்க்கப்பட்டவளைப் பேசவிடவில்லை. அளவுகோல்களின் நிலையும் இதுவே.

தமிழ்க் கவிதை இச்சிக்கலை வேறுவகையில் தொட்டது. சேரன் 2011இல் வெளியிட்ட தொகுப்புக்குக் ‘காடாற்று’ என்று பெயரிட்டார். உடலை எரித்தபின் சுடலையின் சூட்டைத் தணித்துச் சாம்பல் அள்ளும் சடங்கின் பெயர் அது. காடாற்றவும் எட்டுச்செலவு செய்யவும் அந்தியேட்டி கழிக்கவும் ஓர் உடலோ, குறைந்தது ஓர் இறந்த நாளோ வேண்டும். அதுவும் இல்லாதவருக்குத் திரையே சுடலையாயிற்று என்பதை அத்தலைப்பு நினைவூட்டுகிறது.

6. செயின்ட்-மிஷேல்: அயலாரின் பேரழிவுகள்

மொன்றியலில் தமிழர் செறிந்து வாழும் இடமாக அறியப்பட்டது பார்க்-எக்ஸ்ரென்ஷன். 1986 ஓகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்ட 155 தமிழருள் பலரும் மொன்றியலிலும் ரொறொன்ரோவிலுமே வாழ்வைத் தொடங்கினர். பார்க்-எக்ஸ்ரென்ஷனும் செயின்ட்-மிஷேலும் இன்று ஒரே நகரக் கோட்டத்தின் இரு அந்தங்கள். மெட்ரோவின் நீலத்தடமும் ஜோன்-தலோன் வீதியும் இரண்டையும் இணைக்கின்றன. 1968 வரை தனி நகராக இருந்து, கற்சுரங்கங்களால் அறியப்பட்ட செயின்ட்-மிஷேல், தமிழர் பகுதி என்று பெயர்பெற்றதன்று. இத்தாலியரும், பின்னர் ஹெயிட்டியரும் மக்ரெப் நாட்டவரும் அதன் முகத்தை அமைத்தனர். அங்கு வாழும் தமிழர் சிறுபான்மையினருள் சிறுபான்மையினர்.

அளவுகோலைச் சோதிக்க ஏற்ற இடம் அது என்பதற்கு இதுவே காரணம். 2010 சனவரி 12இல் ஹெயிட்டியில் நிலநடுக்கம் நிகழ்ந்தபோது, முள்ளிவாய்க்கால் கழிந்து எட்டு மாதங்களே ஆகியிருந்தன. செயின்ட்-மிஷேலில் 1972 முதல் இயங்கும் ஹெயிட்டி இல்லம் அச்சமூகத்தின் துயர்பகிர் நிலையமாயிற்று. ஹெயிட்டியரும் தொலைபேசி எடுபடாத நாள்களில் படங்களுக்குள் உறவினரைத் தேடினர். ஒரே வீதியில், ஓராண்டுக்குள், இரு சமூகங்கள் ஒரே வகைப் பார்வையைப் பார்த்தன. வேறுபாடும் உண்டு. ஹெயிட்டியின் துயரை நகரம் முழுவதும் பகிர்ந்தது. நாடு நிதி திரட்டியது. தமிழரின் தேடலோ பெரும்பாலும் பூட்டிய கதவுக்குள் நிகழ்ந்தது. வெளியே வந்தபோது ஐயக்கண்ணுடன் நோக்கப்பட்டது. சுற்றியிருப்போர் அத்துயரை ஏற்றனரா என்பது, பார்வையின் விளைவை மாற்றும் தனியொரு காரணி. இரு சமூகங்களையும் ஒருங்கே வினவும் ஆய்வு இக்காரணியைப் பிரித்தெடுக்கும்.

மொன்றியலின் ஆய்வுமரபும் இதற்குத் துணை செய்யும். நெருக்கீட்டுக்குப் பிந்திய சீர்குலைவு காலத்தால் கட்டமைக்கப்பட்ட கருத்து என்று 1995இல் வாதிட்ட அலன் யங் மக்கில் பல்கலைக்கழகத்தவர். அங்கேயே பணியாற்றிய சிசில் ரூசோ, நபிலா மஷூஃபுடன் இணைந்து 2003ஆம் ஆண்டு ஈராக் போரின்போது பல்லினப் பள்ளியொன்றில் மேற்கொண்ட முயற்சி 2005இல் வெளியாயிற்று. 2004 ஆழிப்பேரலையின் பின் குடிவரவுச் சிறாரின் மணல் விளையாட்டை லக்ருவாவும் ரூசோவும் பிறரும் ஆராய்ந்தது 2007இல் வெளியாயிற்று. எத்தனை மணி நேரம் பார்த்தாய் என்று மழலையரைக் கேட்க இயலாது. மணலில் அவர்கள் எதைப் புதைத்து எதை மீட்கிறார்கள் என்று நோக்கலாம். வளர்ந்தோர் ஆய்வுக்கும் இதில் பாடம் உண்டு.

7. தமிழில் கேட்கவேண்டிய வினாக்கள்

ரொறொன்ரோத் தமிழர் 1,603 பேரிடம் பெற்ற தரவுகளைக் கொண்டு மோர்ட்டன் பைசரும் குழுவினரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு, நெருக்கீட்டுக்குப் பிந்திய சீர்குலைவை 12 விழுக்காடு என்று கணித்தது. புலப்பெயர்வுக்கு முந்திய கொடுமையும் குடியேறிய நாட்டின் நெருக்கடியும் அதில் ஆராயப்பட்டன. இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவதொன்று உண்டு: குடியேறிய நாட்டில் இருந்தவாறே தாய்நிலத்தின் கொடுமைக்கு ஆட்படுதல். அதனை அளக்க, ஆங்கில அளவுகோலை மொழிபெயர்ப்பது போதாது.

ஈழத்துத் தமிழில் துயருக்குத் தனிச்சொற்கள் உள்ளன. ‘யோசனை’ என்பது சிந்தனை மட்டுமன்று, விடாது அரிக்கும் கவலை. ‘பதகளிப்பு’ என்பது கெட்ட செய்தி வரும் என்ற நடுக்கம். ‘ஏக்கம்’ விருப்பத்தையும் அதிர்ச்சியையும் ஒருங்கே குறிக்கும். ‘பெருமூச்சு’ உடலின் குறி. உளமருத்துவர் தயா சோமசுந்தரம் ‘மனவடு’ என்னும் சொல்லைத் தம் நூற்பெயராகக் கொண்டு அதனைப் பரவச்செய்தார். அவரே வன்னி மக்களின் துன்பத்தைத் தனியாள் நோயாகவன்றிக் கூட்டு வடுவாக நோக்கவேண்டும் என்று வலியுறுத்தியவர். கருவி இச்சொற்களிலிருந்து தொடங்கவேண்டும்.

கேட்கவேண்டியவற்றுள் முதன்மையானவை ஆறு. யாரைத் தேடிப் பார்த்தீர்கள்? அவரைக் கண்டீர்களா, எப்போது? செய்தி வராத நாள்களை எவ்வாறு கழித்தீர்கள்? தனியாகப் பார்த்தீர்களா, பிள்ளைகளுடன் பார்த்தீர்களா? பார்த்தபின் என்ன செய்தீர்கள்? பார்த்தவற்றுள் பின்னர் நம்பாமற்போனது எது? மணிக்கணக்கும் ஏழாவதாக இருக்கலாம், முதலாவதாக இருத்தலாகாது.

துயரை நோயாக்கும் முயற்சி இது என்று ஒரு மறுப்பு எழலாம். அரசியல் அநீதியால் விளைந்த துன்பத்தை மருத்துவச் சீட்டாகக் குறுக்குவதன் தீமை மெய்யானது. அளக்காமல் விடுவதும் தீமையற்றதன்று. கையேட்டில் இடமில்லாதவரின் துயர் பள்ளி உளவளத்துணையிலும் தொழிலிட விடுப்பிலும் இடம்பெறாது. ‘தொலைக்காட்சியைக் குறைவாகப் பாருங்கள்’ என்பது மணிக்கணக்கு ஆய்விலிருந்து பிறக்கும் அறிவுரை. கருணையாற் கலங்குபவருக்கு அது நல்லறிவுரை. தங்கையைத் தேடுபவரிடம் அதைச் சொல்வது, களத்திலிருந்து திரும்பிவிடு என்று முதியவளிடம் சொல்வதற்கு ஒப்பாகும்.

முடிவுரை

2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தோராகப் பதியப்பட்ட 4,29,059 பேருக்கும் பின்னர் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோராகப் பதியப்பட்ட 2,82,380 பேருக்கும் இடையிலான 1,46,679 பேர் எங்கே என்று மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு 2011இல் நல்லிணக்க ஆணைக்குழுவின்முன் வினவினார். அரச அலுவலகங்களின் எண்களிலிருந்தே அவர் கணக்கிட்டார். அக்கணக்கில் மாறுபடுவோர் உளர். அவ்வினாவுக்கு இன்னும் நிறைவான விடை தரப்படவில்லை. விடை இல்லாதவரை, புலம்பெயர் தமிழரின் பார்வை முடிந்துவிட்ட ஒரு நிகழ்வாகக் கருதப்படலாகாது.

போர்ச் செய்தியின் உளத்தாக்கத்தை அளக்கும் ஆய்வுகள் தொலைவிலும் துயர் உண்டு என்று நிறுவின. அத்துயர் ஒரே வகையினதன்று என்பதைத் தமிழ் உரை மரபு பகுத்துத் தருகிறது. தேடலும் காணலும் அப்பகுப்பின் அளக்கத்தக்க வடிவங்கள் என்பதைப் புறநானூறும் 2009உம் சேர்ந்து காட்டுகின்றன. இது தமிழருக்கு மட்டும் உரிய செய்தியன்று. உக்ரைனையும் காசாவையும் சூடானையும் உறவினரின் கண்ணால் இன்று பார்த்துக்கொண்டிருப்போர் மொன்றியல் போன்ற நகரங்களில் அடுத்தடுத்த கதவுகளுக்குள் வாழ்கின்றனர். அவர்களிடம் எவ்வளவு நேரம் பார்த்தீர் என்று கேட்குமுன், யாரைத் தேடினீர் என்று கேட்பதற்கு இன்னும் காலம் கடந்துவிடவில்லை.